யாருடன் யார் நடப்பது

கூரியர் அண்ணனின் போன் வந்தபோது கண்ணாடி அக்கா ஒரு பெரியவரின் மூக்கின்மேல் சோதனை ஃப்ரேமை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். "முன்னாடி போட்டது தெளிவா, இப்போ போடுறது தெளிவா?" என்று கேட்டால், "ரெண்டும் நல்லாத்தாம்மா இருக்கு, உனக்கு எது பிடிக்குதோ அதையே போடு" என்றார் அவர். மனிதர் தங்கமானவர். ஆனால் இப்படிப்பட்ட தங்கங்களுக்குக் கண்ணாடி போட்டு அனுப்புவதற்குள் நமக்கு உயிர் போய் உயிர் வரும்.

"அக்கா, ஒருத்தங்களை உங்ககூடச் சேத்து விடுறேன்," என்றார் கூரியர் அண்ணன். பின்னால் யாரோ பார்சலுக்கு டேப் ஒட்டும் சத்தம் கேட்டது. "நல்ல மனசு. கொஞ்சம் தயங்குவாங்க. நீங்கதான் பாத்து மெதுவாக் கூட்டிட்டுப் போகணும். நாளைக்கு மத்தியானம் உங்க கடைக்கே வருவாங்க."

"யாரு? என்ன பண்றாங்க?"

"பல் செட் செய்றாங்க. மீதியை அவங்க வாயாலேயே கேட்டுக்கோங்க," என்று வைத்துவிட்டார்.

பின்னறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் தலையை மட்டும் வெளியே நீட்டினார். "பல்லா? அப்போ கண்ணும் பல்லும் ஒரே பெஞ்சுல உக்காரப் போகுதா? பழைய காலத்துச் சட்டம் மாதிரியில்ல இருக்கு. யாரு யாரோடதைப் பிடுங்கப் போறீங்க?"

"நீங்க உங்க வேலையைப் பாருங்க," என்றாள். ஆனால் அவளுக்கும் மனசுக்குள் குறுகுறுவென்றுதான் இருந்தது. புது ஆள் என்றாலே அவளுக்கு அப்படி. எங்கிருந்து வருகிறார், எதை நம்புகிறார், எதை நம்ப முடியாமல் தவிக்கிறார் என்று துருவித் தெரிந்துகொள்ளாவிட்டால் சோறு இறங்காது.

கூரியர் அண்ணன் எல்லோருக்கும் அண்ணன். அவருக்கு எல்லாப் பெண்களும் அக்கா. இதில் யாருக்கு என்ன வயது என்று கணக்குப் பார்க்கப் போனால் தலை சுற்றும். பகலெல்லாம் கூரியர் அலுவலகத்தில் எந்த மூட்டை எந்த ஊருக்கு என்று பிரித்துப் போடுவார். மற்ற நேரத்தில், டயர் கடைக்கு மேலே இருக்கும் அந்தக் கூடத்துக்காக, எந்த மனிதர் எந்த மனிதரிடம் என்று பிரித்து அனுப்புவார்.

அந்தக் கூடம் ஒரு சபை இல்லை. அங்கே யாரைக் கேட்டாலும் பேச்சை இந்த 'இல்லை'யில்தான் தொடங்குவார்கள். முன்பு அங்கே நடனப் பள்ளி இருந்தது. அதனால் ஒரு சுவர் முழுக்க ஆளுயர நிலைக்கண்ணாடி. கண்ணை மூடி ஜெபித்தவர்கள் கண்ணைத் திறந்தால் முதலில் தங்கள் மூஞ்சியைத்தான் பார்க்க வேண்டும். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. எந்தப் பெயரைச் சொன்னாலும் ஏதாவது ஒரு சபைக்காரருக்கு முகம் கோணியது. சலித்துப்போய்க் கடைசியில் ஒரு பலகையில் அம்புக்குறி மட்டும் வரைந்து படிக்கட்டுப் பக்கம் மாட்டினார்கள். டயர் பஞ்சரான ஒருவர் அதைப் பார்த்து மேலே ஏறி வந்து, உட்கார்ந்து, பாடலைக் கேட்டு, அப்படியே தங்கிவிட்டார். டயர் கடைக்காரருக்கு அதில் இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

என்ன நம்புகிறார்கள் என்பதைக் கதவுக்குப் பின்னால் ஒரே தாளில் ஒட்டியிருந்தார்கள். கடவுள் ஒருவர். இயேசுவே ஆண்டவர், நமக்காக இறந்தார், உயிர்த்தார். மீட்பு நாம் சம்பாதிப்பதல்ல, சும்மா கொடுக்கப்படுவது. வேதம்தான் அளவுகோல். நம்புகிற ஒவ்வொருவரும் இன்னொருவரோடு நடக்க வேண்டும். அவ்வளவுதான். அந்தத் தாளில் இல்லாதவைதான் அதிகம். ஞானஸ்நானம் முழுக்கா தெளிப்பா, பாட்டுக்குக் கை தட்டலாமா கூடாதா, எந்த நாளில் கூடுவது, என்ன உடுத்துவது எதுவும் அதில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அவரவர் சபைக்கு அவரவர் போகலாம், ஆளை இழுப்பது நம் வேலை இல்லை என்பார்கள். சீஷன் என்பதா சீடன் என்பதா என்றுகூட முதல் கூட்டத்திலேயே இரண்டு கட்சியாகிப் போய்விட்டதால், அந்தச் சொல்லையும் விட்டுவிட்டு 'கூட நடக்கிறவர்' என்று வைத்துக்கொண்டார்கள்.

நடப்பதற்கும் சில வழக்கங்கள் இருந்தன. மேடையில் நின்று போதிப்பது கிடையாது. இரண்டே பேர், வாரம் ஒரு முறை, ஒருவர் வேலை செய்யும் இடத்தில். ஒரு வேதப் பகுதியைச் சேர்ந்து படிப்பது, கேள்வி கேட்பது, கேட்டதில் ஏதாவது ஒன்றை அடுத்த வாரத்துக்குள் செய்து பார்ப்பது. முன்னால் நடந்து பழகியவர், 'நான்தான் உனக்குச் சொல்லித்தரப் போகிறேன்' என்று வாய் திறக்கவே கூடாது. ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்றாகிவிட்டால் கூட நடப்பது எப்படி? அதனால் அவருக்கு மட்டும் போனில் சொல்வார்கள். புதியவரிடம், "ஒரு அக்கா வருவாங்க, பேசிட்டு இருங்க" என்பதோடு சரி. இன்னொரு வழக்கமும் உண்டு. மற்றவரைச் செய்யச் சொல்லும் காரியத்தைத் தானும் செய்ய வேண்டும்.

கண்ணாடி அக்கா இதில் கைதேர்ந்தவள். அவள் நடத்திவிட்ட பெண்கள் இப்போது வேறு பெண்களை நடத்துகிறார்கள். கேள்வி கேட்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று கூடத்தில் பேச்சு. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இருக்கட்டும், பெருமை யாருக்குத்தான் இல்லை.

ஆனால் அவள் இங்கே வந்து சேர்ந்த கதை வேறு. அவள் அம்மா கடைசிக் காலத்தில் தங்கச்சியோடு இருந்தார். தங்கச்சி போகிற சபையிலேயே மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்தார். இறந்தபோது அந்தச் சபையின் கல்லறையில்தான் அடக்கம் என்றார்கள். அப்பாவுக்குப் பக்கத்தில் பழைய சபைக் கல்லறையில்தான் வைக்க வேண்டும் என்று கண்ணாடி அக்கா நின்றாள். நடக்கவில்லை. குழியோரத்தில், அத்தனை பேருக்கு முன்னால், "அம்மாவையே திருடிட்டியேடி" என்று தங்கச்சியைப் பார்த்துக் கத்திவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. வருஷங்கள் ஓடிவிட்டன. சபைப் பெயர் என்றாலே வெறுத்துப் போயிருந்தவளுக்கு, பெயரே இல்லாத கூடம் என்றதும் அப்பாடா என்று இருந்தது. பலகை இல்லாத இடத்தில் இருக்கிறவளுக்குச் சண்டை ஏது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தங்கச்சி வீட்டுக்கு ஒரே பஸ், இடையில் மாறி ஏறக்கூட வேண்டாம். அந்த பஸ் தினமும் அவள் கடை வாசலைத் தாண்டித்தான் போனது.

மறுநாள் பல்லக்கா வந்தாள். கண்ணாடி அக்காவைவிட நாலைந்து வயது சின்னவள் இருக்கும். விரல் நகங்களுக்குள் வெள்ளைப் பிளாஸ்டர் தூள். கடையில் நல்ல நாற்காலி ஒன்று, ஆடுகிற நாற்காலி ஒன்று. கண்ணாடி அக்கா ஆடுகிறதில் உட்காரப் போனாள். பல்லக்கா அதற்குள் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க நல்லதுல உக்காருங்க அக்கா."

"ஐயோ, நீங்க உக்காருங்கம்மா. எனக்கு இது பழக்கம்."

"எனக்கும் பழக்கம்தான் அக்கா."

இப்படியே போனால் சாயங்காலம்வரை நிற்க வேண்டியதுதான் என்று பின்னறையிலிருந்து வீட்டுக்காரர் முனகியது கேட்டது. கடைசியில் கண்ணாடி அக்காதான் விட்டுக்கொடுத்தாள். பிறகு யார் ஜெபிப்பது என்று ஒரு சுற்று. நீங்க பண்ணுங்க, இல்ல நீங்க பண்ணுங்க என்று இருவரும் கண்ணை மூடிக் காத்திருந்ததில் நிறைய நேரம் போயிற்று. வாடிக்கையாளர் ஒருவர் எட்டிப் பார்த்து, இரண்டு பேர் உட்கார்ந்தபடியே தூங்குகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டார்.

படித்த பகுதியைப் பற்றி, "இதுல உங்களுக்கு என்ன படுது?" என்று கண்ணாடி அக்கா கேட்டாள். பல்லக்கா அழகாகச் சொன்னாள். சொல்லி முடித்த கையோடு, "உங்களுக்கு என்ன அக்கா படுது?" என்றாள். அடடே, எவ்வளவு ஆர்வம் என்று கண்ணாடி அக்கா பூரித்துப்போய்ப் பதில் சொன்னாள். அவள் பேசும்போது பல்லக்கா நடுநடுவே, "ம், அப்புறம்?" என்று தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டாள். இந்தச் சாய்ப்பை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று கண்ணாடி அக்காவுக்குப் பட்டது. யோசித்துப் பார்த்ததில், அது அவளே மற்றவர்களிடம் சாய்க்கிற சாய்ப்பு.

"இந்தப் பொண்ணு ஏதோ விசேஷமான ஆளுங்க," என்றாள் வீட்டுக்காரரிடம். "புதுசா வந்தவங்க மாதிரியே இல்ல. நான் கேக்குறதுக்கு முன்னாடி அவ கேக்குறா."

"உன்னையே கேள்வி கேக்க ஒரு ஆள் வந்துடுச்சா? நான் போய் அந்தம்மாவுக்கு ஒரு கும்பிடு போடணும்," என்றார் அவர்.

இதைப் படிக்கிற நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். கூரியர் அண்ணன், "நல்ல மனசு, கொஞ்சம் தயங்குவாங்க, நீங்கதான் பாத்துக் கூட்டிட்டுப் போகணும்" என்ற அதே வார்த்தைகளைப் பல்லக்காவிடமும் சொல்லியிருந்தார். பல்லக்கா நகரத்தின் அந்தக் கோடியில், இதே வழக்கமுள்ள இன்னொரு கூடத்தில், பல வருஷமாக ஆட்களை நடத்திக்கொண்டிருந்தவள். சமீபத்தில்தான் இந்தப் பக்கம் குடிமாறி வந்திருந்தாள். அண்ணன் இரண்டு புது ஆட்களுக்கு இரண்டு பழைய ஆட்களை மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். அன்றைக்கு அலுவலகத்தில் மூட்டை மலைபோலக் குவிந்த வேளையில், பழைய ஆள் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டார். வேறெந்த இடமாக இருந்தாலும் இந்தத் தப்பு முதல் நாளே வெளிப்பட்டிருக்கும். 'நான்தான் டீச்சர்' என்று ஒருவராவது சொல்லியிருப்பார். இங்கே அப்படிச் சொல்வதுதான் கூடாதே. இருவரும் தாழ்மையில் போட்டி போட்டுக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தார்கள்.

இரண்டாம் வாரம் கண்ணாடி அக்கா பல்லக்காவின் வேலையிடத்துக்குப் போனாள். ஒரு நீள அறை. அலமாரி முழுக்கத் தாடை அச்சுகள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டிருந்தன. மெழுகு உருகுகிற வாசனை. மேசையில், ஒரு தாடை அச்சில் பல்லக்கா ஒவ்வொரு பல்லாக மெழுகில் நட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாப் பல்லும் ஒரே மாதிரி நேரா வெச்சுட்டா அழகா இருக்காதா?"

"அழகா இருக்கும் அக்கா. ஆனா பாத்ததும் பொய்ப்பல்னு தெரிஞ்சுடும். ஒண்ணு ரெண்டைக் கொஞ்சம் கோணலா வெக்கணும். அப்போதான் வாய்க்குப் பொருந்தும்."

கண்ணாடி அக்காவுக்கு இதெல்லாம் தேனாக இனித்தது. கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்போது அறையின் ஒரு பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறத்திலிருந்து அரவை எந்திரம் கிர்ரென்று கத்தியது. அது சுவரில்லை, வெறும் பிளைவுட் தடுப்பு என்பதை அப்போதுதான் கவனித்தாள்.

அன்றைய பகுதி மன்னிப்பைப் பற்றியது. பகுதியின் முடிவில் கேட்க வேண்டிய கேள்வி இருவருக்குமே மனப்பாடம். இருவரும் ஒரே மூச்சில் கேட்டார்கள். "நீங்க யார்கிட்டயாவது பேசாம இருக்கீங்களா?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். பாவம், ஆர்வக்கோளாறில் முன்கூட்டியே படித்து வைத்திருக்கிறாள் என்று இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் நினைத்துக்கொண்டார்கள்.

பல்லக்கா தடுப்பைக் காட்டினாள். குரலைத் தாழ்த்தினாள். "இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் சிநேகிதி. சேந்துதான் இந்த லேபை ஆரம்பிச்சோம். வேலையில ஒரு பேச்சு வந்து, கோவம் வந்து, நடுவுல பலகை அடிச்சுட்டோம். நான் ஊரோட அந்தக் கோடியில வேற லேபுக்குப் போய்ப் பல வருஷம் இருந்துட்டேன். இப்போ திரும்பி வந்திருக்கேன். பலகை அப்படியே இருக்கு. அவ தும்மினா எனக்குக் கேக்குது, நான் இருமினா அவளுக்குக் கேக்குது. ஆனா ஒரு வார்த்தை கிடையாது. நீங்க, அக்கா?"

கண்ணாடி அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறாள்! ஒருவர்கூடத் திருப்பி அவளிடம் கேட்டதில்லை. கேள்வி கேட்கிறவளுக்கு எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. புது ஆளுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டுமே என்று, "ஒரு தங்கச்சி இருக்கா" என்றாள். குழியோரத்தில் கத்தியதையும் சொன்னாள்.

"அப்போ இந்த வாரம் நீங்க அவங்களைப் பாக்கப் போறீங்களா?" என்றாள் பல்லக்கா, தலையை லேசாகச் சாய்த்து.

"போறேன். நீங்களும் அந்தப் பக்கம் போங்க."

"நீங்க போனா நானும் போறேன் அக்கா."

வாரம் ஓடியது. ஒருநாள் கண்ணாடி அக்கா நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். பஸ் வந்தது, நின்றது. ஏறுகிறீர்களா என்பதுபோல் டிரைவர் பார்த்தார். அவள் கைப்பையில் எதையோ தேடுகிறவள் மாதிரி குனிந்துகொண்டாள். பஸ் போய்விட்டது. திரும்பி வந்து கடையில் உட்கார்ந்தவளிடம் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. கேலி செய்யாமல் அவர் பேசாமல் இருந்தாரே, அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

அடுத்த சந்திப்பில் பல்லக்கா உட்காரும் முன்பே கேட்டாள். "போனீங்களா அக்கா?"

புது ஆள். இவளும் நம்மைப் பார்த்துத்தான் அடி எடுத்து வைக்கப் போகிறாள். போகவில்லை என்று சொன்னால் மனசு தளர்ந்துவிடுவாளே. இப்படியெல்லாம் ஒரு நொடிக்குள் யோசித்ததாகப் பிறகு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உண்மை என்னவென்றால் வெட்கம். "போனேன்," என்றாள்.

"ஐயோ! என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் பெருசா சொல்லலை. உள்ள வரச் சொன்னா. குடிக்கத் தண்ணி குடுத்தா."

பல்லக்காவின் கண்கள் பொலபொலவென்று கொட்டின. "தண்ணி குடுத்தாங்களா!" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தத் தண்ணீரை எங்கிருந்து எடுத்தோம் என்று கண்ணாடி அக்காவுக்கே தெரியவில்லை. பொய் தானாகக் கையும் காலும் முளைத்து நடந்துகொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பல்லக்கா போன் செய்தாள். "அக்கா, நான் போனேன். தடுப்பைச் சுத்திக்கிட்டு அவ வாசலுக்கே போனேன். என்னைப் பாத்ததும் எழுந்து வந்து கதவைச் சாத்திட்டா." குரல் உடைந்திருந்தது. பிறகு தேறிக்கொண்டு, "பரவால்ல அக்கா. உங்களுக்குத் தண்ணி கிடைச்ச மாதிரி எனக்கும் ஒருநாள் கிடைக்கும். அதை நெனச்சுத்தான் தைரியமா இருக்கேன்," என்றாள்.

கண்ணாடி அக்கா அன்று சாப்பிடவில்லை. தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். 'ஒன்றுமறியாத ஒருத்தியைப் பொய் சொல்லிக் கதவுக்கு முன்னால் நிற்க வைத்துவிட்டேனே' என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. எதற்காக இந்தக் கூடத்துக்கு வந்தாள், எதை நம்பி இத்தனை பேரை நடத்தினாள் என்று முதல்முறையாக அவள் கேள்வி அவள் பக்கமே திரும்பியது.

மாதக் கூட்டம் வந்தது. அன்று ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேர்ந்து நடக்கத் தொடங்கியவர்களை, முன்னால் நடக்கிறவர் எழுந்து கையைப் பிடித்து எல்லோருக்கும் காட்டுவார். அன்றைக்கு மட்டும்தான் யார் யாரை நடத்துகிறார்கள் என்பது வெளியே தெரியும். கூரியர் அண்ணன், "இந்த மாசம் யாரு?" என்றார்.

கண்ணாடி அக்கா எழுந்தாள். அதே நேரத்தில் பக்கத்து நாற்காலியிலிருந்து பல்லக்காவும் எழுந்தாள். ஒருத்தி கையை ஒருத்தி பிடித்தாள். "இவங்ககூட நான் நடக்கிறேன்," என்று இரண்டு குரலும் ஒன்றாக வந்தன.

நிலைக்கண்ணாடியிலும் இரண்டு பேர் ஒருவர் கையை ஒருவர் தூக்கிப் பிடித்து, வாயைப் பிளந்து நின்றார்கள். டயர் பஞ்சராகி வந்து தங்கிவிட்டாரே, அவர்தான் முதலில் சிரித்தார். அதற்கப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. டயர் கடையிலிருந்து என்ன ஏதென்று ஒருவர் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். கூரியர் அண்ணன் மட்டும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"என் தப்புதான். ரெண்டு பார்சலையும் ஒரே வண்டியில ஏத்திட்டேன். மன்னிச்சுடுங்க அக்கா. அங்க ரெண்டு புது ஆளுங்க இன்னும் உக்காந்து காத்துக்கிட்டு இருக்காங்க. அடுத்த வாரத்திலிருந்து ஆளுக்கு ஒருத்தரைப் பிரிச்சுக் குடுத்துடுறேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். பல்லக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கண்ணாடி அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தத் தப்பு நடக்காமல் இருந்திருந்தால் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும், எந்த நாளிலும் கேட்டிருக்கவே மாட்டார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. ஊரையெல்லாம் நடத்தினாள், அவளோடு நடக்க ஒருத்தரும் இல்லாமல்தான் இத்தனை காலம் இருந்திருக்கிறாள். அதுவும் புரிந்தது.

கூட்டம் முடிந்து இறங்கும்போது, அம்புக்குறிப் பலகைக்குக் கீழே பல்லக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் போகலை."

"எங்க போகலை?"

"தங்கச்சி வீட்டுக்கு. பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன். ஏறலை. தண்ணி குடுத்தான்னு சொன்னது பொய்."

பல்லக்காவின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. கீழே யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தத் தண்ணிய நம்பித்தானே அக்கா நான் அந்தப் பக்கம் போனேன்." குரலில் கோபம் இருந்தது. இருக்கத்தானே செய்யும். "அவ கதவைச் சாத்துனப்போ என் மூஞ்சி எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாத்தீங்களா?"

"நெனச்சேன். அதுல இருந்து வேற எதையும் நெனக்க முடியலை. என்ன வேணும்னாலும் திட்டு."

பல்லக்கா திட்டவில்லை. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அம்புக்குறியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, பழக்க தோஷம், தலை தானாகச் சாய்ந்தது.

"சரி. இந்த வாரம் என்ன செய்யப் போறீங்க?"

"தெரியலை. அந்த பஸ் வந்தாலே குனிஞ்சு பைக்குள்ள எதையாவது தேட ஆரம்பிச்சுடுறேன்."

"அப்போ வாங்க. நானும் வர்றேன். உங்க தங்கச்சி வீட்டு வாசல் வரைக்கும் வர்றேன், உள்ள வரமாட்டேன். கூரியர் அண்ணன் அடுத்த வாரத்துல இருந்துதான் பிரிக்கப் போறாரு. இந்த வாரம் இன்னும் நாம ஒரே வண்டிதான்."

பஸ்ஸில் ஜன்னலோர இடத்துக்குப் பழையபடி, நீங்க உக்காருங்க, நீ உக்காரு என்று கொஞ்சம் இழுபறி நடந்தது. தங்கச்சி வீடு இருக்கும் தெருமுனையில் பல்லக்கா நின்றுவிட்டாள். சொன்னபடி வாசல்வரை வரவில்லை. "இங்கிருந்து வாசல் தெரியுது அக்கா. கதவு சாத்துனா நான் இங்க நிக்கிறேன்," என்றாள். சாத்திய கதவைப் பற்றித் தெரிந்தவள் சொன்ன பேச்சு அது.

கண்ணாடி அக்கா கதவைத் தட்டினாள். உள்ளே செருப்பு இழுபடும் சத்தம். அந்த நடை மாறவேயில்லை. கதவு திறந்தது. தங்கச்சி அவளைப் பார்த்தாள். யாரென்று தெரியாதவள்போல் கண்ணை இடுக்கி, தலையைப் பின்னால் இழுத்து, மறுபடியும் பார்த்தாள். தெரிந்ததும் முகம் இறுகியது.

"எந்தச் சபை சார்பா வந்திருக்கே?"

நல்ல கேள்விதான். கேட்க வேண்டிய கேள்விதான். கூடத்துக் கதவுக்குப் பின்னால் ஒட்டிய தாளில் இருந்த வரிகளெல்லாம் அவள் நினைவுக்கு வந்தன. அவற்றை அப்படியே விட்டுவிட்டாள். "எந்தச் சபையும் இல்லடி. உன் அக்காவா வந்திருக்கேன். அன்னைக்கு அம்மா குழிகிட்ட நான் சொன்னது பாவம். அம்மாவை நீ திருடலை. நீதான் பாத்துக்கிட்டே. நான் பாக்கலை. அந்தப் பொறாமையில கத்திட்டேன்."

தங்கச்சி கதவைச் சாத்தவில்லை. கண்ணைத் துடைப்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றினாள். அப்போதுதான் கண்ணாடி அக்கா அதைப் பார்த்தாள். தன் கையாலேயே, அம்மா இருந்த காலத்தில், அளவெடுத்துப் போட்டுக் கொடுத்த ஃப்ரேம். ஒரு காது பக்கம் நூல் சுற்றியிருந்தது. லென்ஸ் கீறிக் கீறி வெண்மையாகிப் போயிருந்தது. இந்த வயதில் இந்த பவரில் இவளுக்கு எதிரே நிற்கிற ஆளே சரியாகத் தெரியாதே என்று அவளுக்குள் இருந்த கடைக்காரி பதறினாள்.

"இதையா இன்னும் போட்டுக்கிட்டு இருக்கே? கண்ணு என்னத்துக்கு ஆகும்? எத்தனை கடை இருக்கு இந்த ஊர்ல! ஒண்ணுலகூட மாத்தக் கூடாதா?"

தங்கச்சி அந்தக் கண்ணாடியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உன்கிட்ட வர ரோஷம் விடலை," என்றாள். "வேற கடைக்குப் போக மனசு வரலை."

தெருமுனையில் நின்றிருந்த பல்லக்காவுக்கு இந்தப் பேச்சு எதுவும் கேட்கவில்லை. கதவு திறந்தபடியே இருப்பதும், அக்கா உள்ளே போவதும் மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடி அக்கா மறுபடியும் வாசலுக்கு வந்து, அவளைப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டினாள். கையில் ஒரு தண்ணீர்த் தம்ளர் இருந்தது.